"நேற்று" என்றால் எப்போது?

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் வக்கீல். வீட்டில் ஆபத்து என்று பெற்றோரிடமிருந்து அரசு பிரித்துவைத்த குழந்தைகளுக்காக வாதாடுகிறாள். வக்கீல் ஆவதற்கான பார் தேர்வெல்லாம் முடித்த பிறகும் வகுப்பு, வகுப்பு என்று ஓடுகிறாள். இது நிஜமாகவே தேவையா, சும்மா கணக்குக் காட்டவா?

பதில்: கணக்குக் காட்டுவதும் இருக்கிறது அம்மா, மறைப்பானேன். அங்கே வக்கீல்கள் பொதுவாக மூன்று வருடத்துக்கு 25 மணி நேரம் வகுப்பு முடிக்க வேண்டும். கோர்ட் நியமித்து இந்தக் குழந்தைகள் கேஸ் நடத்துபவர்கள் அதே மூன்று வருடத்தில் 8 மணி நேரமாவது இதே விஷயத்தைப் படித்திருக்க வேண்டும். கெடு நெருங்கும்போது வீடியோவை ஓடவிட்டு மெயில் பார்ப்பவர்கள் உண்டு. நானும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வகுப்பு என்னைத் தலைகுனிய வைத்தது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கேஸ். நாலு வயது ஆன குழந்தை என்றால் வக்கீல் அதனிடம் பேசி, அதன் விருப்பத்தைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். "அம்மா உன்னை எப்போ அடிச்சாங்க?" என்று கேட்டேன். "நேத்து" என்றாள். அவ்வளவுதான், தாயும் மகளும் சந்திக்கவே கூடாது என்று கோர்ட்டில் பொரிந்து தள்ளினேன். எதிர்த்தரப்பு வக்கீல் அமைதியாக ஒரு தாளை நீட்டினார். அந்தத் தாய் குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் இருக்கிறார்; மகளைப் பார்த்தே ஐந்து வாரம் ஆகியிருந்தது.

குழந்தை பொய் சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளுக்கு "நேற்று" என்பது போன மாதமாகவும் இருக்கலாம் என்று பிறகு ஒரு உளவியலாளர் வகுப்பில் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆமா, இல்லை என்று பதில் வரும்படி கேட்டால் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று தலையாட்டிவிடுவார்களாம். "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பயிற்சியில் பக்கத்து நாற்காலிக்காரர் குழந்தையாக நடித்தார். என்னால் பத்து விநாடி சும்மா இருக்க முடியவில்லை. வக்கீல் புத்தி!

சட்டமும் நம்மைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. பெற்றோர் போதைப்பொருளுக்கு அடிமை என்று காட்டினாலே சின்னக் குழந்தைக்கு ஆபத்து என்று சில அப்பீல் கோர்ட்டுகள் எடுத்துக்கொண்டன. 2023 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அது போதாது, ஆபத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்றது. மறுநாள் பழைய வாதத்தோடு போய் நின்றவர் கதி என்ன? மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால், திருந்திக் காட்டப் பெற்றோருக்குப் பொதுவாகக் கிடைப்பதே 6 மாதம். வக்கீல் ஆற அமரக் கற்றுக்கொள்ள அதில் இடமில்லை.

தீர்ப்பு விவரங்களை உங்கள் மகள் வீடியோவில் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தையிடம் பேசும் பயிற்சிக்கு மட்டும் நேரில் போகச் சொல்லுங்கள். அப்புறம், சான்றிதழ்களை ஒரே ஃபைலில் போட்டுவைக்கட்டும். வக்கீல்களைக் கண்காணிக்கும் ஸ்டேட் பார் அமைப்பு தணிக்கை என்று கடிதம் போட்ட பிறகு மேஜை மேஜையாகத் தேடியவள் சொல்கிறேன்.