லாரிக்கு ஒதுங்காமல் குமரியைச் சுற்ற நான்கு நாள்

கேள்வி: நானும் மனைவியும் ஐம்பதைத் தாண்டியவர்கள், மதுரையில் இருக்கிறோம். இருவரிடமும் கியர் சைக்கிள் உண்டு. ஒரு நாளைக்கு 40, 50 கி.மீ. ஓட்டுவோம். நான்கு நாளில் குமரி மாவட்டத்தின் கடலையும் மலையையும் சேர்த்துப் பார்க்க ஆசை. போன தடவை நாகர்கோவில் – மார்த்தாண்டம் சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே மாட்டிப் பயந்துவிட்டோம். அமைதியான வழி இருக்கிறதா? எப்போது வரலாம்?

பதில்: இருக்கிறது. நீங்கள் போன தேசிய நெடுஞ்சாலைதான் மாவட்டத்தின் நெரிசலில் பெரும்பங்கைச் சுமக்கிறது. அதற்குத் தெற்கே கடல், வடக்கே மலை. குளச்சல் கடற்கரையிலிருந்து பேச்சிப்பாறை அணைவரை நேர்கோட்டில் அளந்தால் 30 கி.மீ.தான் இருக்கும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் ஊர்ச்சாலைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதன்மேல் ஓட்டவே வேண்டாம். கீழே சொல்லும் சுற்றில் மார்த்தாண்டம் அருகே ஒரு தடவை கடந்தால் போதும். காலை ஆறரைக்குள் கடந்துவிடுங்கள்.

முதலில் மாதம். கார்த்திகை, மார்கழியில் வராதீர்கள். சபரிமலை சீசனில் கன்னியாகுமரி முழுக்க வேன்கள் நிற்கும். பொங்கல் விடுமுறைக் கூட்டமும் ஓய்ந்தபின், ஜனவரி கடைசி முதல் மார்ச் முதல் வாரம் வரை நல்ல காலம். மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் திருவிழாவான மாசிக் கொடை நடக்கும் பத்து நாளும் அந்தப் பக்கம் நெரிசல் இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் ஒரு குறையும் உண்டு. ரப்பர் மரங்கள் ஜனவரி வாக்கில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், அதனால் நிழல் குறைவு. மார்ச்சில் தளிர் வந்து மறுபடி நிழல் கூடும், ஆனால் வெயிலும் ஏறிவிடும்.

அடுத்தது காற்று. எந்தத் திசையில் சுற்றுவது என்பதை இதுதான் முடிவு செய்யும். தை, மாசியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும், பிற்பகலில் கடற்காற்று எழும். ஆகவே கன்னியாகுமரியில் தொடங்கி, காலையிலேயே கடலோரமாக மேற்கே ஓட்டுங்கள். பிறகு உள்நாட்டில் ஏறி, மலையடிவாரம் வழியாக நாகர்கோவிலுக்கு இறங்கலாம். ஆனி, ஆடியில் யாராவது வருவதாக இருந்தால் இதே சுற்றைத் திருப்பிப் போட வேண்டும். அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் சைக்கிளோடு போகவே கூடாது என்பது என் கருத்து. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஓர் ஆடி மாதம் அங்கே பக்கக்காற்று என்னைத் தார்ச்சாலையிலிருந்து ஓரத்து மண்ணில் தள்ளியது. பின்னால் வண்டி எதுவும் வராததால் பிழைத்தேன்.

சரி, வழிக்கு வருவோம். முதல் நாள் கன்னியாகுமரியிலிருந்து மேற்குக் கடற்கரைச் சாலை. மணக்குடியில் பழையாறு கடலில் சேருகிறது. 2004 சுனாமியில் அங்கிருந்த பாலம் போய், பிறகு புதிதாகக் கட்டினார்கள். பாலத்தில் நின்றால் காயலும் அலையாத்திச் செடிகளும் தெரியும். அப்புறம் சொத்தவிளை, சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் தாண்டி முட்டம். முட்டத்தில் சின்னதாகச் செங்குத்தான ஏற்றங்கள் வரும், இறங்கித் தள்ளுவதில் தவறில்லை. சுற்றிலும் சிவந்த தேரி மண்ணும், கலங்கரை விளக்கமும், பாறையில் அறையும் அலையும் சேர்ந்த அந்த இடத்தில் ஒரு மாலை முழுக்க உட்காரலாம். இரவு முட்டத்திலோ குளச்சலிலோ தங்குங்கள். அறைகள் குறைவு, முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்களில் சாலைதான் முற்றம். வலை காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள், காலையில் மீன் ஏலம் நடக்கும். அங்கே மெதுவாக, மணி அடித்துப் போவதுதான் முறை. குறும்பனை, மிடாலம், இனயம் பக்கம் கடல் அரித்த துண்டுகளும் உண்டு. ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை வந்த நாளில் கடலை ஒட்டிய சாலையை விட்டு உள்ளே ஒரு சாலை தள்ளி ஓட்டுங்கள். காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று அலை ஏறும் என்பதால்தான் மீனவர்கள் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். இரவு அறைக்கு வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஒரே ராத்திரியில் உப்பு துருவைக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாம் நாள் குளச்சலிலிருந்து தேங்காய்ப்பட்டணம். குழித்துறைத் தாமிரபரணி கடலில் விழும் இடம் அது. அங்கிருந்து பைங்குளம் வழியாக முன்சிறை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் முன்சிறை திருமலை மகாதேவர் கோயில்தான் சிவாலய ஓட்டத்தின் முதல் கோயில். மகா சிவராத்திரியை ஒட்டிப் பக்தர்கள் காவி உடுத்து, கையில் விசிறியோடு, ‘கோவிந்தா கோபாலா’ என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டு சிவாலயங்களை ஓடித் தரிசிப்பார்கள். மொத்தம் ஏறத்தாழ 110 கி.மீ. முன்சிறையை அடுத்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம் என்று போய்த் திருநட்டாலத்தில் முடியும். கால்நடையாகப் போனவர்கள் ஊரையும் ஊரையும் இணைத்த வழி இது. ஆற்றங்கரை, வயல், தோப்பு என்று போகும், கனரக வண்டிக்கு அங்கே வேலை குறைவு. சிவராத்திரி சமயத்தைத் தவிர்த்து மற்ற நாளில் போனால் சைக்கிளுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இந்த மாவட்டத்தில் இல்லை. வழி கேட்கும்போது “அடுத்த சிவாலயத்துக்கு எப்படிப் போக?” என்று கேளுங்கள். குறுக்குவழியோடு சொல்வார்கள்.

இரண்டாம் இரவு மார்த்தாண்டம். மூன்றாம் நாள் விடியலில் நெடுஞ்சாலையைக் கடந்து திக்குறிச்சி, பிறகு சிதறால் மலை. கீழே சைக்கிளைப் பூட்டிவிட்டு ஏறினால் சமணப் புடைப்புச் சிற்பங்கள். அப்புறம் திருவட்டாறு, மாத்தூர், திற்பரப்பு. இந்த மேற்குப் பகுதி முழுக்க ஏறுவதும் இறங்குவதும்தான். ஒவ்வொரு மேடும் சின்னதாக இருக்கும், ஆனால் முடிவதே இல்லை. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கட்டும், முழங்கால் நன்றி சொல்லும். ஊர்ப்பெயரும் உதவும். ‘விளை’ என்றால் பெரும்பாலும் மேட்டுத் தோட்டம், ‘ஏலா’ என்றால் பள்ளத்து வயல். களைத்தபோது ஏலா ஓரச் சாலையைக் கேட்டு வாங்குங்கள்.

மேடு இல்லாத இன்னொரு வழி சானல்கரை. வாய்க்காலை இங்கே சானல் என்போம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால் சானல் குன்றில் ஏறாது, அதன் இடுப்பைச் சுற்றி வளைந்து போகும். கரைமேல் உள்ள சாலையும் அதேபோல்தான். சமமாக, நிழலாக, ஆளரவம் குறைவாக இருக்கும். பள்ளத்தாக்கைச் சுற்ற முடியாத இடத்தில் தண்ணீருக்கே பாலம் கட்டிவிட்டார்கள். 1966-இல் வந்த மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் பட்டணங்கால் என்ற சானலின் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே கொண்டுபோகிறது. சானல்கரையில் இரண்டு எச்சரிக்கை. பல இடத்தில் தடுப்புச்சுவர் இல்லை, எதிரே டிராக்டர் வந்தால் இறங்கி நில்லுங்கள். தார் இல்லாத துண்டுகளும் வரும், ஆகவே 35 மி.மீ. அகலமாவது உள்ள டயர் வேண்டும்.

மூன்றாம் இரவு திற்பரப்பு அல்லது குலசேகரம். நான்காம் நாள் திருநந்திக்கரைக் குடைவரையைப் பார்த்துவிட்டு, தெம்பிருந்தால் பேச்சிப்பாறை அணைக்குப் போய்த் திரும்புங்கள். பிறகு பொன்மனை, சுருளகோடு, அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி வழியாக நாகர்கோவில். இடப்பக்கம் மலை கூடவே வரும். ரப்பர் தோட்டங்களில் விடியலில் பால்வெட்டுக்குப் போகும் இருசக்கர வண்டிகள் வேகமாக வரும், வளைவில் ஓரமாக இருங்கள். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ஆசை வந்தால் வனத்துறைச் சாவடியில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். யானை நடமாடும் காடு அது. காலை ஏழுக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் அங்கே சைக்கிளில் இருக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. காலையில் புட்டும் கடலையும், மதியம் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன் கறியும். பையில் மட்டிப்பழம் நாலைந்து போட்டுக்கொள்ளுங்கள், சின்ன வாழைப்பழம், ஓட்டிக்கொண்டே சாப்பிடலாம். சாலையோரம் அக்கானி (பதநீர்) கிடைத்தால் காலை பத்து மணிக்குள் குடியுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

ஐந்தாவதாக ஒரு நாள் கிடைத்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு வையுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். கல்குளம் சிவாலயம் அங்கேயே இருப்பதால் பொன்மனையிலிருந்து பன்னிப்பாகம் வழியாகவே இறங்கிவிடலாம், தக்கலை நெரிசலைத் தொட வேண்டியதில்லை. சைக்கிள்களை ரயிலில் கொண்டுவருவதாக இருந்தால் மதுரை நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் ஒரு நாள் முன்பே விசாரியுங்கள். ஹேண்டிலைத் திருப்பிக் கட்டி, பின்பக்கக் கியர் பகுதியில் கனமான அட்டை சுற்றிக் கொடுங்கள். வழியில் வளைவது அதுதான்.