பின்னால் சத்தம் கேட்டால் மட்டும் அது சரவுண்ட் ஆகிவிடாது

கேள்வி: என் மடிக்கணினியை 5.1 ஹோம் தியேட்டர் ரிசீவருடன் இணைத்திருக்கிறேன். மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து, சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கேபிள் ரிசீவருக்குப் போகிறது. படம் பார்க்கும்போது முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களில் மட்டும்தான் ஒலி வந்தது. பொருத்திக் கொடுத்தவரை மறுபடி அழைத்தேன். ரிமோட்டில் ஏதோ அழுத்தினார், ஐந்திலும் ஒலி வந்தது. ஆனால் இப்போது வசனமும் முதுகுக்குப் பின்னாலிருந்தே கேட்கிறது. யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றும், தங்க முலாம் பூசிய ஆப்டிகல் கேபிள் ஒன்றும் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் பொருள்கள் எதிலும் பழுது இல்லை. இணைத்த வழிதான் தவறு.

ஹெட்ஃபோன் துளை இரண்டு காதுகளுக்காக உண்டானது. அதிலிருந்து இடது, வலது என்று இரண்டு ஒலிகள்தான் வெளியே வரும். 5.1 படத்தில் ஆறு தடங்கள், அதாவது ஆறு தனித்தனி ஒலிகள் இருக்கும்: ஐந்து ஸ்பீக்கர்களுக்கு ஐந்து, கனத்த அடி ஒலிக்கான சப்வூஃபருக்கு ஒன்று. ஆறு இருந்தாலும் கணினி அவற்றை இரண்டாகக் கலந்து அந்தத் துளைக்கு அனுப்பிவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரிசீவருக்குக் கிடைப்பது இரண்டு என்றால், நடுவில் இருப்பதற்கும் பின்னால் இருப்பவற்றுக்கும் அது எதைக் கொடுக்கும்?

ரிமோட்டில் அவர் அழுத்தியது பெரும்பாலும் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' அல்லது 'மல்டி சேனல் ஸ்டீரியோ' என்ற பொத்தானாக இருக்கும். முன்னால் ஒலிப்பதையே பின்னாலும் நகலெடுத்து ஒலிக்கச் செய்வது அதன் வேலை. பெரிய அறையில் பலர் கூடியிருக்கும்போது எல்லா மூலைக்கும் பாட்டு கேட்க வேண்டும் என்பதற்காக வைத்த வசதி அது. அதை அழுத்திவிட்டு 'சரவுண்ட் வந்துவிட்டது' என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போவது அப்பட்டமான ஏமாற்று. இப்படி ஏமாந்தவர்கள் எனக்கு ஓயாமல் எழுதுகிறார்கள். படத்தில் பேசுபவர் திரையில் இருக்கும்போது அவர் குரல் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வர வேண்டும். அது பின்னாலிருந்து கேட்டால் உங்கள் வீட்டில் சரவுண்ட் இல்லை, சத்தம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் காது சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. மடிக்கணினியின் பக்கவாட்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து ஒரு கேபிளை ரிசீவரின் பின்புறத்தில் 'இன்' என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். ரிசீவரின் 'அவுட்' துளையிலிருந்து இன்னொரு கேபிள் தொலைக்காட்சிக்குப் போகட்டும். படமும் ஒலியும் ஒரே கம்பியில் ரிசீவருக்குப் போகும். அது ஒலியை வைத்துக்கொண்டு படத்தைத் திரைக்கு அனுப்பிவிடும். எச்டிஎம்ஐ எட்டுத் தடங்களைக்கூடச் சுருக்காமல் சுமக்கும், உங்களுக்கு ஆறு போதும்.

வாங்கியபோது பெட்டியில் 'எச்டிஎம்ஐ உண்டு' என்று அச்சிட்டிருந்தது என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். டிவிடி பிளேயரோடு சேர்த்து விற்ற பல ஹோம் தியேட்டர்களில் இருப்பது 'அவுட்' மட்டும்தான். அந்தத் துளை படத்தை வெளியே அனுப்பும், எதையும் உள்ளே வாங்காது. இரண்டும் பார்க்க ஒரே வடிவம், ஒரே அளவு. வேறு வேறு வேலை செய்யும் துளைகளை ஒரே மாதிரி செய்து வைத்து, வேறுபாட்டைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் பின்புறத்தில் அச்சிடும் இந்தத் தொழில்துறையின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. கையில் விளக்கோடு குனிந்து அந்த எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

கணினியைத் தொலைக்காட்சியில் செருகி, அங்கிருந்து ஒலியை ரிசீவருக்குக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எச்டிஎம்ஐ வழியாக இணைந்ததும் எதிரில் இருக்கும் கருவி தன்னால் எத்தனை தடங்களை ஏற்க முடியும் என்பதைக் கணினிக்குச் சொல்லும். தொலைக்காட்சி பெரும்பாலும் 'இரண்டு' என்றே சொல்லும். அதன்பின் கணினி இரண்டுக்கு மேல் அனுப்பாது.

கேபிளைச் செருகியதோடு வேலை முடியவில்லை. ரிசீவரையும் தொலைக்காட்சியையும் முதலில் இயக்குங்கள், பிறகு கணினியை. ரிசீவர் அணைந்திருந்தால் கணினியின் பட்டியலில் அது தென்படாமலே போகலாம். விண்டோஸில் கீழே உள்ள ஸ்பீக்கர் படத்தை வலது சொடுக்கி 'சவுண்ட் செட்டிங்ஸ்' போய், அதில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' திறந்தால் 'பிளேபேக்' பட்டியல் வரும். அதில் ரிசீவரைத் தேர்ந்து 'கன்ஃபிகர்' அழுத்தி, '5.1 சரவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு தேர்வை இத்தனை கதவுகளுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டிய தேவை என்ன என்று எனக்கு விளங்கவில்லை.

அதே இடத்தில் ஓர் அறையின் படமும் ஆறு ஸ்பீக்கர்களும் தெரியும். ஒவ்வொன்றையும் சொடுக்குங்கள். நடு ஸ்பீக்கரைச் சொடுக்கினால் நடுவில் மட்டும் ஒலி வர வேண்டும். பின் இடதைச் சொடுக்கினால் பின் இடதில் மட்டும். இடமும் வலமும் மாறிக் கேட்டால் ரிசீவரின் பின்னால் ஸ்பீக்கர் கம்பிகள் மாறியிருக்கின்றன. யார் வந்து எதைப் பொருத்தினாலும் இந்தச் சோதனையை அவர் எதிரிலேயே செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரிசீவரின் முகப்பில் மின்னும் எழுத்துகளை அத்தாட்சியாகக் காட்டினால் ஏற்காதீர்கள். 5.1 என்று அமைத்துவிட்டால் விண்டோஸ் ஒலியே இல்லாத வெற்றுத் தடங்களையும் சேர்த்தே அனுப்பும், ஆறும் ஒலிக்கின்றன என்று முகப்பு காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் தலையில் கட்டப் பார்க்கும் ஆப்டிகல் கேபிள். அது மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. 1983இல் தோஷிபா கொண்டுவந்த அந்த இணைப்பு, சிடி பிளேயரின் இரண்டு தட ஒலியைக் கடத்துவதற்காகப் பிறந்தது. சுருக்காத இரண்டு தடங்களுக்கு நொடிக்குச் சுமார் 1.5 மெகாபிட் போதும். ஆறு தடங்களுக்குச் சுமார் 4.6 மெகாபிட் வேண்டும், அந்த வழியில் அதற்கு இடம் ஒதுக்கவே இல்லை. ஆகவே ஆப்டிகலில் 5.1 வர வேண்டுமானால் ஒலி டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் வடிவில் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்க வேண்டும். டிவிடி படங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். விஎல்சி போன்ற படம் ஓட்டும் மென்பொருளில் 'பாஸ்த்ரூ' என்ற வசதியை இயக்கினால், கணினி அந்தச் சுருக்கத்தைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும், ரிசீவர் பிரித்துக்கொள்ளும். நல்ல 5.1 கிடைக்கும்.

ஆனால் கணினி விளையாட்டுகளுக்கு இது பொருந்தாது. அங்கே ஒலி அந்தந்தக் கணத்தில் உருவாகிறது, முன்கூட்டியே சுருக்கி வைத்த தடம் என்று எதுவும் இல்லை. அதற்கு 'டால்பி டிஜிட்டல் லைவ்' அல்லது 'டிடிஎஸ் கனெக்ட்' என்ற வசதி சவுண்ட் கார்டில் இருக்க வேண்டும். வருகிற ஒலியை உடனுக்குடன் சுருக்கி அனுப்புவது அதுதான். பெட்டியில் '5.1' என்று பெரிதாகப் போட்டிருக்கும் கார்டுகள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருப்பதில்லை. சிலவற்றில் அந்த 5.1 என்பது, இரண்டிரண்டு தடங்களாகத் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் அனலாக் துளைகளுக்கு மட்டும்; ஆப்டிகலுக்கு அல்ல. உங்கள் ரிசீவரில் எச்டிஎம்ஐ 'இன்' இல்லவே இல்லை என்றால்தான் இந்த வழிக்குப் போக வேண்டும். அப்போதும் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று பெட்டியில் இருக்கிறதா என்று நீங்களே படித்துவிட்டு வாங்குங்கள். விற்பவர் வாயால் சொன்னால் போதாது.

தங்க முலாமா? ஆப்டிகல் கேபிளில் போவது ஒளி. ஒளிக்குத் தங்கத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எச்டிஎம்ஐ கேபிளும் அப்படியே: அதில் போவது எண்கள். சரியாகப் போய்ச் சேர்ந்தால் சாதாரணக் கேபிளிலும் அதே ஒலிதான். சேராவிட்டால் ஒலி விட்டு விட்டு வரும், திரையில் புள்ளிகள் தெறிக்கும், இல்லையேல் ஒன்றுமே வராது. விலை உயர்ந்த கேபிளில் 'ஒலி செழுமையாகும்' என்பது வெறும் வியாபாரப் பேச்சு.

புதிய மெல்லிய மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ துளை இல்லாமல் யுஎஸ்பி-சி மட்டும் இருக்கலாம். அந்தத் துளை படம் அனுப்பக்கூடியதா என்று கையேட்டில் பார்த்த பிறகே அதை எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் அடாப்டரை வாங்குங்கள். எல்லா யுஎஸ்பி-சியும் படம் அனுப்பாது.

இவ்வளவும் செய்த பிறகும் சில காணொளிகளில் முன்னால் மட்டுமே ஒலி வரும். பதறி மறுபடி யாரையும் அழைக்க வேண்டாம். இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இரண்டு தடங்களில் பதிவானவைதான். அவற்றையும் பரப்பிக் கேட்க விரும்பினால், விண்டோஸில் அமைப்பை 'ஸ்டீரியோ'வுக்கு மாற்றிவிட்டு ரிசீவரில் 'டால்பி சரவுண்ட்' அல்லது 'புரோ லாஜிக்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது வசனத்தை நடுவுக்கும் சூழல் ஒலியைப் பின்னுக்கும் ஓரளவு பிரித்துக் கொடுக்கும். 5.1 படம் பார்க்கும்போது விண்டோஸ் அமைப்பைத் திரும்ப 5.1க்கு மாற்ற மறவாதீர்கள்.