மருந்தைத் தாண்டி மனநல மறுவாழ்வில் என்ன மாறியிருக்கிறது?

கேள்வி: சமூக மனநல மருத்துவம், மனநல மறுவாழ்வு ஆகிய பிரிவுகளில் கடந்த சில பத்தாண்டுகளில் உண்மையான முன்னேற்றம் வந்திருக்கிறதா? துறையில் இருப்பவர்களின் பார்வை மாறியிருக்கிறதா, இல்லை மருந்துகள் மட்டும்தான் மாறியிருக்கின்றனவா?

பதில்:

நான் ஒரு மனநல மறுவாழ்வுக் குழுவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மனச்சிதைவு நோய், இருமுனைக் கோளாறு போன்ற கடுமையான பாதிப்புகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள்தான் பெரும்பாலும் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பதை வைத்துப் பார்த்தால், கண்டிப்பாக மாறியிருக்கிறது. எது முதலில், எது அப்புறம் என்பதில்தான் பெரிய மாற்றம். "நோய் அடங்கட்டும், பயிற்சி முடியட்டும், வேலை வீடெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நெடுங்காலம் எங்கள் துறையின் வழக்கம். இன்று நல்ல குழுக்கள் வேலையையும் வீட்டையும் முதல் வாரத்திலேயே பேச ஆரம்பித்துவிடுகின்றன. சிகிச்சை கூடவே நடக்கிறது.

இங்கே வந்துசேர அரை நூற்றாண்டு ஆனது. 1960-களில் ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் இருவரும் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். நீண்டகால நோயாளிகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஒன்றுமே செய்யாமல் இருக்கிறார்கள், சொந்தமாக என்ன பொருள் வைத்திருக்கிறார்கள், வெளியுலகத்தோடு எவ்வளவு தொடர்பு இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். சூழல் வறண்டுபோன வார்டுகளில் பேச்சுக் குறைவதும், உணர்ச்சி வற்றுவதும், ஒதுங்கிப்போவதும் கூடுதலாக இருந்தன. தேறியவர்களிடம் மிகத் தெளிவாகத் தெரிந்த மாற்றம், சும்மா கிடக்கும் நேரம் குறைந்திருந்ததுதான். நோயின் குணம் என்று எல்லோரும் எழுதிவைத்ததில் ஒரு பங்கு வார்டு கொடுத்தது என்று துறைக்கு அப்போது உறைத்தது.

அடுத்தது வெர்மான்ட். அமெரிக்காவின் அந்தச் சிறிய மாநிலத்தில், இனி தேறமாட்டார்கள் என்று கைவிடப்பட்டிருந்த நோயாளிகளுக்கு 1950-களில் ஒரு மறுவாழ்வுத் திட்டம் தந்து, படிப்படியாக வெளியே அனுப்பினார்கள். கோர்ட்னி ஹார்டிங்கின் குழு சராசரியாக 32 ஆண்டுகள் கழித்து அந்த 269 பேரில் கிட்டத்தட்ட எல்லோரைப் பற்றியும் விசாரித்தறிந்து, 1987-இல் முடிவை வெளியிட்டது. பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடைப்பட்டவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள், அல்லது குணமாகியிருந்தார்கள். அந்த மாதிரித் திட்டம் இல்லாத மேய்ன் மாநில நோயாளிகளோடு பின்னர் ஒப்பிட்டபோதும் வெர்மான்ட்காரர்களே மேல். மனச்சிதைவு என்றால் போகப்போக மோசமாகத்தான் ஆகும் என்று பாடம் படித்தவர்கள் நாங்கள். மூத்த மருத்துவர்களில் சிலர் இன்றும் இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது குரல் மாறுவதைக் கவனித்திருக்கிறேன்.

ஆனால் வரிசையை உண்மையில் திருப்பிப்போடக் காரணமாக இருந்தது ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல். மருத்துவமனைச் சமையலறையில் சமைக்கக் கற்றுக்கொண்டவர் வீட்டு அடுப்பின்முன் திகைத்து நிற்பார். வார்டில் பழகிய திறமை வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை. அமெரிக்காவின் மேடிசன் நகரில் லியனர்ட் ஸ்டெய்ன், மேரி ஆன் டெஸ்ட் இருவரும் 1970-களில் இதற்கு ஒரு நேரடியான பதில் கண்டார்கள். நோயாளியைப் பயிற்சிக்குக் கூட்டிவருவதை விட்டுவிட்டு, வார்டு ஊழியர்களையே ஊருக்குள் அனுப்பினார்கள். எந்த அடுப்பில் சமைக்கப்போகிறாரோ அந்த அடுப்பில், எந்தப் பேருந்தில் போகப்போகிறாரோ அந்தப் பேருந்தில் பயிற்சி. மருத்துவமனைச் சேர்க்கை நன்றாகக் குறைந்தது. 14 மாதங்கள் கழித்து அந்த ஆதரவை நிறுத்தியதும் கிடைத்த பலனில் பெரும்பகுதி கரைந்துபோனது. இந்த இரண்டாவது முடிவைத்தான் நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். "ஆறு மாத மறுவாழ்வுப் பயிற்சி" என்று எங்கேயாவது விளம்பரம் பார்த்தால் எனக்கு மேடிசன்தான் நினைவுக்கு வரும்.

வேலை விஷயத்தில் இதே யோசனை இன்னும் தெளிவாக வடிவெடுத்தது. பழைய முறையில் காகித உறை ஒட்டுவது, மெழுகுவத்தி செய்வது போன்ற பட்டறைகளில் நோயாளிகளை வைத்திருப்பார்கள். தயாரானதும் வெளிவேலைக்கு அனுப்புவதாகத் திட்டம். அந்த நாள் பெரும்பாலானவர்களுக்கு வந்ததே இல்லை. ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வேறு மாதிரி முயன்றார்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பகல்நேர மையம் தன் வழக்கமான திட்டத்தை மூடிவிட்டு, எல்லோருக்கும் வெளிவேலை தேடித்தர இறங்கியது. நோய் திரும்பிவிடும், ஆட்கள் சிதறிவிடுவார்கள் என்றெல்லாம் பயம் இருந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்று உலகெங்கும் ஐ.பி.எஸ். (Individual Placement and Support) என்று அழைக்கப்படும் வேலை ஆதரவு முறை அதிலிருந்து வளர்ந்தது. அதன் விதிகள் எளிமையானவை. வேலை செய்ய விரும்பும் யாரையும் "தகுதியில்லை" என்று தள்ளக்கூடாது. 30 நாட்களுக்குள் வேலை கொடுப்பவர் ஒருவரையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். ஒரு வேலை ஆலோசகரிடம் 20 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அவர் சிகிச்சைக் குழுவிலேயே ஒருவராக உட்கார வேண்டும்.

இதை ஐரோப்பாவின் ஆறு மையங்களில் 312 பேரிடம் சோதித்த ஆய்வு 2007-இல் வந்தது. ஐ.பி.எஸ். பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் ஒருநாளாவது வெளிவேலை பார்த்திருந்தார்கள். பழைய முறைப் பயிற்சி பெற்றவர்களில் 28 சதவீதம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று: மருத்துவமனையில் மறுபடி சேர்க்கப்பட்டவர்கள் ஐ.பி.எஸ். பக்கம் 20 சதவீதம், பழைய முறையில் 31 சதவீதம். வேலை அழுத்தம் நோயைக் கிளறிவிடும் என்று சொல்லியே எத்தனை பேரை வீட்டில் உட்காரவைத்திருக்கிறோம் என்று யோசித்துப்பாருங்கள்.

கிட்டத்தில் பார்த்தால் இது எப்படி நடக்கும் என்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். வயது நாற்பதைத் தொட்டவர், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் என்ற மருந்தை எடுப்பவர். யாரும் பேசாதபோதும் அவர் காதில் குரல்கள் கேட்கும். முன்பு இருந்த மையத்தின் கோப்பில் ஒவ்வோர் ஆண்டும் "இன்னும் தயாராகவில்லை" என்றே எழுதியிருந்தது. எங்களிடம் வந்ததும் அச்சகத்தில் வேலை வேண்டும் என்றார். ஏன் அச்சகம் என்று கேட்டால், "மெஷின் ஓடுறப்போ குரல் சரியாக் கேக்காது சார்" என்றார். எங்கள் வேலை ஆலோசகர் அச்சகம் அச்சகமாக ஏறி இறங்கி, பைண்டிங் பிரிவில் ஓர் இடம் பிடித்தார். காலை ஷிஃப்ட். அதுதான் சிக்கல், குளோசபின் தூக்கம் பத்து மணி வரை தெளியாது. அந்த வாரக் கேஸ் மீட்டிங்கில் பேசியதெல்லாம் அந்த ஷிஃப்டைப் பற்றித்தான். இரவு டோஸை முன்னேரத்திலேயே எடுக்கும்படி மருத்துவர் மாற்றினார். இரண்டு மாதம் மதிய ஷிஃப்டில் தொடங்கலாம் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினோம். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாட்களில் தாமதமாக வர அனுமதி. நோயைப் பற்றி முதலாளியிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார். "தூக்க மாத்திரை மாதிரி ஒண்ணு சாப்பிடுறேன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சரி, அப்படியே சொன்னோம்.

முதல் மாதத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தகராறு. மெஷின் நின்று அமைதியானதும் குரல்கள் ஏறிக்கொண்டன, பக்கத்தில் சிரித்தவர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டுவிட்டது. காதில் இயர்போனோடு அரைமணி முன்னதாகச் சாப்பிட்டுவிடுவது என்று ஆலோசகரும் அவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். குரல்கள் இன்னும் இருக்கின்றன. அவர் வேலைக்குப் போகிறார். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வர முடியும் என்பதுதான் என் துறையில் நான் மதிக்கும் முன்னேற்றம்.

வீட்டுக்கும் இதே கதைதான். குடியை விடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, அப்புறம் வீடு என்று படிக்கட்டு வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் 1992-இல் தொடங்கிய திட்டம், தெருவில் இருந்தவருக்கு நேரே வீட்டுச் சாவியைக் கொடுத்தது. கனடா இதை 2009 முதல் ஐந்து நகரங்களில் பெரிய அளவில் சோதித்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதமும் வீட்டிலேயே இருந்தவர்கள் அந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான சேவையில் 31. மன அறிகுறிகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தன. இதைச் சிலர் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனிதனுக்கு வீடு வேண்டும் என்பதற்கு அது அறிகுறியைக் குறைக்கிறது என்ற சான்றிதழ் எதற்கு?

இத்தாலியைச் சொல்லாமல் விட முடியாது. 1971-இல் ட்ரியெஸ்ட் நகரின் மனநல மருத்துவமனைக்கு இயக்குநராக வந்த மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா அதைக் கலைக்கும் வேலையைத் தொடங்கினார். 1978 மே மாதச் சட்டம் புதிதாக மனநல மருத்துவமனைகளில் ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. எல்லோரும் அந்தக் கதவு திறந்ததைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் பின்னால் வளர்ந்த கூட்டுறவுகளைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம். 1991-இல் வந்த இத்தாலியச் சட்டப்படி, வேலைவாய்ப்புக்கான சமூகக் கூட்டுறவுகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் பின்தங்கிய நிலையில் இருப்பவர்களாக இருக்க வேண்டும், மனநலப் பாதிப்புள்ளவர்களும் அதில் அடக்கம். வெளியே வந்தவருக்குச் சம்பளமும் சக ஊழியர்களும் கிடைக்க அது வழி செய்தது.

குழுக்களுக்குள்ளேயும் மாற்றம் உண்டு. நோயிலிருந்து மீண்டவர்கள் இப்போது சம்பளம் வாங்கும் சக ஆதரவாளர்களாகச் சேர்கிறார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர் இருக்கிறார். மருந்தை நிறுத்திவிட்ட ஒருவரிடம் நான் கேட்டால் "சாப்பிடுறேன்" என்பார். அந்தச் சக ஆதரவாளர் கேட்டால் "உடம்பு வெயிட் போடுது, அதான் விட்டுட்டேன்" என்று உண்மை வரும். அதை வைத்து மருத்துவர் வேறு மருந்து யோசிக்க முடிகிறது.

தீராத சண்டை, கட்டாயச் சிகிச்சை. டிஸ்சார்ஜ் ஆனவரைச் சட்டத்தின் பிடியில் வைத்து மருந்து எடுக்கவைக்கும் முறை பல நாடுகளில் உண்டு. அதை ஆதரித்தவர்களில் ஒருவரான மனநல மருத்துவர் டாம் பர்ன்ஸ் இங்கிலாந்தில் 336 பேரிடம் சோதித்து 2013-இல் வெளியிட்டார். ஒரு வருடத்தில் மருத்துவமனையில் திரும்பச் சேர்ந்தவர்கள், அந்த முறையில் வைக்கப்பட்டவர்களிலும் வைக்கப்படாதவர்களிலும் 36 சதவீதம்தான். தான் நம்பிய முறைக்கு எதிரான முடிவை அவர் வெளிப்படையாகச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். 2020-இல் உலக மனநல மருத்துவச் சங்கமும் கட்டாயத்துக்கு மாற்று வழிகளைக் கொண்டுவர வேண்டும் என்று நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. ஆனால் நள்ளிரவில், அடுத்தவரை அடிக்கப் பாயும் ஒருவரோடு நிற்கும் குடும்பத்துக்கு அந்த அறிக்கை கைகொடுக்காது. அந்த நேரத்தில் வீட்டுக்கு வரக்கூடிய நெருக்கடிக் குழு இருந்தால்தான் மாற்று என்ற பேச்சுக்கே அர்த்தம். அதற்கு ஆள் போடாத இடத்தில் கட்டாயம் குறையாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது மறுவாழ்வு மையம் தேடித்தான் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்றால், கட்டிடத்தையும் கால அட்டவணையையும் சுற்றிக் காட்டும்போது சிலவற்றைக் கேளுங்கள். போன வருடம் இங்கிருந்து எத்தனை பேர் வெளியே சம்பள வேலைக்குப் போனார்கள்? போன பிறகு யார் அவர்களைப் பார்க்கப் போகிறார்கள், எத்தனை நாள் வரைக்கும்? இங்கே வேலை செய்பவர்களில் நோயிலிருந்து மீண்டவர் யாராவது இருக்கிறாரா? முதல் கேள்விக்கு எண்ணைச் சொல்லாமல் "அவங்க இன்னும் தயாராகணும்" என்று பதில் வந்தால், வேறு இடமும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.