அக்கா றோட்டில் நிற்கிறாள் என்று அம்மா அழுகிறார்

கேள்வி: எனக்கு 41 வயது. வெள்ளவத்தையில் கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மாவுடன் இருக்கிறேன். அப்பா அரசாங்க எழுதுவினைஞராக இருந்து காலமானவர். அம்மாவுக்கு அவருடைய ஓய்வூதியம் வருகிறது. அக்கா லண்டனுக்குப் போய் 22 வருடம். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். ஆறு வருடத்துக்கு முன் மூட்டுவாதம் வந்து கைவிரல்கள் மடங்கிப்போனதால் வேலையை விட்டுவிட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே கொடுக்கிற 'பிப்' காசு அவருக்கு வருகிறது. 2025 ஜூனில், அதை வெட்டப்போகிறார்கள் என்று பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடிய சனத்தோடு அக்காவும் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் முகப்புத்தகத்தில் வந்து, சொந்தக்காரர் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். "மூத்தவள் வெள்ளைக்காரன் ஊரில் றோட்டில் நின்று பிச்சை கேட்கிறாள்" என்று அம்மா இன்னும் அழுகிறார், அக்காவோடு சரியாகப் பேசுவதும் இல்லை. என் கணவரோ, "மாதாமாதம் அம்மாவின் மருந்துக்கு 50 பவுண் அனுப்ப முடிகிறதென்றால் பிறகு என்ன வருத்தம்?" என்கிறார். அக்கா திரும்பவும் போவேன் என்கிறார். போகவேண்டாம் என்று அவருக்குச் சொல்லும்படி அம்மா என்னைக் கேட்கிறார். எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சொல்லாதீர்கள். அம்மா கேட்கிறார் என்பதற்காகவும் சொல்லாதீர்கள். எப்படிச் சொல்வது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தபோது, சொல்ல உங்களுக்கே மனமில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

அம்மாவிடம் பேசப் போவதற்கு முன், அந்தக் காசு என்ன காசு என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அது தெளிவானால் கணவருக்கும் பதில் வந்துவிடும்.

'பிப்' 2013இல் தொடங்கிய கொடுப்பனவு. வேலை இல்லை என்பதற்காகக் கொடுப்பதல்ல. வேலைக்குப் போகிறவர்களும் வாங்குகிறார்கள். வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கொடுப்பதும் அல்ல. உடம்பு ஏலாத ஒருவர் மற்றவர்களைப் போல ஒரு நாளைக் கழிப்பதற்குக் கூடுதலாகச் செலவாகிறது. பஸ்ஸில் போக முடியாதவர் டாக்ஸியில் போகிறார், மரக்கறி வெட்ட ஏலாதவர் வெட்டியதை வாங்குகிறார், குளிரில் மூட்டு இறுகுகிறவர் ஹீட்டரை அணைக்காமல் வைத்திருக்கிறார். அந்த மேலதிகச் செலவுக்குத்தான் அது. கையில் வந்த பிறகு எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. அம்மாவுக்கு மருந்து வாங்க அனுப்பினாலும் அதில் களவும் இல்லை, பொய்யும் இல்லை. இதை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள்.

அதை வாங்குவது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்லுங்கள். சமைப்பது, குளிப்பது, உடுப்பது, மலசலகூடம் போவது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். ஒரு உபகரணத்தின் துணையோடுதான் ஒரு காரியத்தைச் செய்யலாம் என்றால் பெரும்பாலும் 2 புள்ளி. அன்றாட வாழ்வுக்கான பகுதியில் மொத்தம் 8 புள்ளி வந்தால்தான் கொடுப்பனவு. 2025–26இல் அது கிழமைக்கு 73.90 பவுண்.

மூட்டுவாதக்காரி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். தடித்த பிடி போட்ட கத்தி இருந்தால் சமைப்பாள்: 2. குளியலறையில் கதிரை இருந்தால் குளிப்பாள்: 2. பொத்தான் போட ஒரு கொளுக்கி வேண்டும்: 2. மலசலகூடத்தில் பிடித்து எழும்பச் சுவரில் கம்பி வேண்டும்: 2. எல்லாம் சேர்ந்து 8. 2025 மார்ச் 18ஆம் திகதி தொழில், ஓய்வூதிய அமைச்சர் லிஸ் கெண்டல் வெளியிட்ட திட்டம், மொத்தம் 8 இருந்தால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு காரியத்திலாவது 4 புள்ளி இருக்க வேண்டும் என்றது. 2026 நவம்பரில் இருந்து அது நடைமுறைக்கு வர இருந்தது. நான் சொன்ன அந்தப் பெண்ணுக்கு எந்தக் காரியத்திலும் 4 இல்லை. அவளுடைய விரல் ஒன்றும் நிமிரவில்லை, நோவும் குறையவில்லை. ஆனால் காசு நின்றுவிடும். உங்கள் அக்காவுக்கு எத்தனை புள்ளி என்று நீங்கள் எழுதவில்லை. அவர் போய் நின்றதைப் பார்த்தால், கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. தொற்றுக் காலத்துக்குப் பிறகு புதிதாக இந்தக் காசுக்கு வருகிறவர்கள் வேகமாகக் கூடிவிட்டார்கள், அதிலும் இளம் ஆக்கள் நிறைய. எந்த நாடும் அதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் வருடத்துக்கு 5 பில்லியன் பவுண் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று தொகையை முதலில் தீர்மானித்து, அதற்கு ஏற்றபடி புள்ளியை மாற்றுவதை நான் யோசனை என்று சொல்லமாட்டேன். இதனால் 50,000 பிள்ளைகள் உட்பட 250,000 பேர் கூடுதலாக வறுமைக்குள் போவார்கள் என்று அந்த அரசாங்கத்தின் கணிப்பே சொல்லியது.

இனி, அக்கா றோட்டில் நின்றதால் என்ன கிடைத்தது என்று அம்மா கேட்டால் சொல்ல வேண்டியது இது. அந்த ஜூனில் ஆளும் தொழிற்கட்சியின் 120க்கும் மேற்பட்ட உறுப்பினர்களே சட்டமூலத்தை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வைத்தார்கள். அவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவர்களுடைய தொகுதிகளில் இருந்து கடிதம் எழுதியவர்கள், கதவைத் தட்டியவர்கள், சக்கர நாற்காலியில் வந்து வாசலில் நின்றவர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் பின்னால் இருந்தது. முதலில் அரசாங்கம், இப்போது வாங்குகிறவர்களுக்குப் புது விதி இல்லை என்றது. அப்புறம் ஜூலை 1ஆம் திகதி, வாக்கெடுப்புக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில், அந்த 4 புள்ளி விதியையே சட்டமூலத்தில் இருந்து எடுப்பதாக இணையமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் சபையில் எழுந்து அறிவித்தார். அப்படியும் ஆளும்கட்சியில் 49 பேர் எதிர்த்தே வாக்களித்தார்கள். சட்டமூலம் 335க்கு 260 என்று தேறியது. 2016இலும் இதே கதைதான். உபகரணங்களுக்கான புள்ளியைக் குறைக்கப் பார்த்தார்கள், எதிர்ப்பு எழுந்தது, பொறுப்பான அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித்தே பதவி விலகினார், திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் எல்லாம் தப்பிவிடவில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கொடுக்கிற 'யுனிவர்சல் கிரெடிட்' என்ற வேறொரு உதவிப்பணத்தில், உடல்நலக் குறைவுக்காகக் கொடுக்கும் பகுதி, 2026 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கிட்டத்தட்டப் பாதி, கிழமைக்கு 50 பவுண் அளவுதான். 'பிப்'பை எப்படி மாற்றுவது என்று டிம்ஸ் தலைமையில் ஒரு மீளாய்வும் வைத்தார்கள், மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு. அதனால் அக்கா திரும்பவும் போவேன் என்பது பிடிவாதம் இல்லை. பேச்சு முடியாத இடத்தில் எழும்பிப் போகாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, அம்மா. அம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அந்த அழுகையை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். நாங்கள் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தோம். என் தம்பிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து கால்கள் இரண்டும் சூம்பிவிட்டன. வீட்டுக்கு ஆக்கள் வந்தால் அவனைத் தூக்கிப் பின்னறையில் விட்டுவிடுவார்கள். அவனும் சத்தம் போடமாட்டான், அப்படியே பழகிவிட்டான். அவனுக்கு உதவிப்பணம் எடுக்கலாம் என்று ஒரு ஆசிரியர் படிவம் கொண்டுவந்து கொடுத்தபோது, "இந்த வீட்டுக்குப் பிச்சைக் காசு வேண்டாம்" என்று அப்பா அதை நாலாக மடித்து அடுப்புக்குள் போட்டார். அப்பா கெட்டவர் இல்லை. தம்பியை முதுகில் சுமந்துகொண்டு கொச்சிக்கடைக் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் போனவர்.

அப்பா போன பிறகு நான்தான் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அது மேல்மாடியில். என் தம்பி கைகளை ஊன்றிப் படிப்படியாக ஏறினான். மேலே போனதும், வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அந்த உத்தியோகத்தர், "எவ்வளவு தூரம் நடப்பாய்? நடந்து காட்டு பார்ப்போம்" என்றார். தம்பி சிரித்தான். அவன் போய் ஒன்பது வருடமாகிவிட்டது, அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை. அவனுடைய காலுக்காக நாங்கள் வெட்கப்பட்டோம். வெட்கப்பட வேண்டியவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதனால் அம்மாவிடம் வாதாடாதீர்கள். ஓய்வூதியம் எடுக்கப் போகிற நாளில் கூடவே போங்கள். வரும் வழியில் மெதுவாகக் கேளுங்கள்: "அம்மா, இது பிச்சையா?" அப்பா உழைத்தார், அரசாங்கம் கொடுக்கிறது என்பார். அக்காவும் உழைத்தார். மற்றவர்களின் வயதான தாய்மாரைத் தூக்கி, குளிப்பாட்டி, வரி கட்டினார். அந்தக் கைதான் இப்போது மடங்கியிருக்கிறது. இன்னுமொன்றையும் ஞாபகப்படுத்துங்கள். 2023இல் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக்கான பட்டியல் வந்தபோது பெயர் விடுபட்டவர்கள் நாடெங்கும் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் நின்றார்களே, மேன்முறையீடும் ஆட்சேபனையுமாகப் பத்து லட்சம் அளவில் குவிந்ததே. அவர்களைப் பார்த்து அம்மா பிச்சை என்று சொல்லியிருக்கமாட்டார், 'பாவங்கள், கேட்கத்தானே வேணும்' என்றுதான் சொல்லியிருப்பார். இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாயில் இருந்து 7,500 ஆகி, 2025 ஏப்ரலில் 10,000 ஆகியது. விலைவாசிக்கு அதுவும் போதாது, ஆனால் அந்தளவுக்கு வந்ததும் கேட்டவர்களால்தான்.

சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் என்ன சொல்கிறார்கள் என்பதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. நீங்களும் எழுதவேண்டாம்.

அந்த 50 பவுணைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும். அதை அனுப்பிவிட்டு அக்கா எப்படிச் சமாளிக்கிறார் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டீர்களா? அனுப்பவேண்டாம் என்று ஒரேயடியாகச் சொன்னால் அவர் மனம் உடைந்துபோகும். வேலையும் போய், கையும் போன பிறகு, 'நான் இன்னும் மூத்தவள்' என்று அவர் சொல்கிற வழி அதுவாக இருக்கலாம். அதனால், "இந்த மூன்று மாதமும் மருந்தை நாங்கள் பார்க்கிறோம், குளிர் முடியட்டும்" என்று சொல்லுங்கள். சொல்கிறவர் உங்கள் கணவராக இருந்தால் இன்னும் நல்லது.

அக்காவுக்கு உங்களால் செய்யக்கூடிய இன்னொரு பெரிய உதவி இருக்கிறது. இந்தக் கொடுப்பனவை இடையிடையே மீளாய்வு செய்வார்கள், அப்போது படிவமும் கேள்விகளும் திரும்ப வரும். எங்கள் பெண்கள் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த வார்த்தைக்கு அந்தப் படிவத்தில் பூச்சியம்தான். ஒரு காரியத்தைச் செய்யமுடியும் என்றால், ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படுகிற தடவையெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்யமுடிய வேண்டும் என்பதுதான் அங்குள்ள விதி. அரைமணி நேரம் போராடி ஒரு தேநீர் ஊற்றியதைச் 'செய்யமுடியும்' என்று எழுதத் தேவையில்லை. கூடாத நாட்களைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். நேர்முகத்துக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். மறுத்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதிலும் இல்லையென்றால் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே விசாரணைவரை போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெல்கிறார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களில் இதற்கு இலவசமாக உதவுவார்கள்.

போனில் பேசும்போது நேரத்தையும் பாருங்கள். மூட்டுவாதக்காரருக்கு விடியற்காலைதான் மோசம், விரல் பிடித்திருக்கும், போனைத் தூக்குவதே பாடு. இங்கே பின்னேரம் ஐந்தரை என்றால் குளிர்காலத்தில் அங்கே மத்தியானம். அப்போது எடுங்கள். அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள். படத்தைப் பற்றி அம்மா தொடங்குவதற்கு முன் நீங்களே தொடங்குங்கள்.

"அக்கா, அண்டைக்கு எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்? கால் நோகேல்லையா?"