கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி என்ன? கடன் காப்புறுதிப் புகார்கள்: கேள்வி-பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ரகம். கடனோடு காப்புறுதியையும் தலையில் கட்டிவிட்டார்கள், புகார் செய்தோம், தள்ளிவிட்டார்கள். தள்ளிய கடிதம் கையில் இருந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த படிக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

20,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் கேட்டேன். 18,400தான் அக்கவுண்டில் விழுந்தது. மீதி 1,600 காப்புறுதிக்குப் போனது பிறகுதான் தெரிந்தது. பேங்க்கில் புகார் செய்தால், 'நீங்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மறுபடியும் கேட்க முடியுமா?

முடியும். ஆனால் பழைய கடிதத்தையே இன்னும் காரமாக எழுதினால் பழைய பதில்தான் வரும். 'எனக்குத் தெரியாது' என்பதை விட்டுவிடுங்கள், கையெழுத்தையும் மறுக்க வேண்டாம். கையெழுத்துக்கு முன்னால் உங்களுக்கு எதைக் காட்டினார்கள், எதைச் சொன்னார்கள் என்பதை பேங்க் நிரூபிக்கட்டும்.

அதற்கு முதலில் தாள்கள் வேண்டும். கடன் விண்ணப்பம், ஆஃபர் லெட்டர், காப்புறுதி விண்ணப்பம், பி.டி.எஸ். என்கிற திட்ட விளக்கத் தாள், பணம் பட்டுவாடா செய்த கணக்கு ஆகிய ஐந்துக்கும் நகல் கேளுங்கள். கிளையில் இழுத்தடித்தால், 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி என் தரவைக் கேட்கிறேன் என்று எழுத்தில் கொடுங்கள். அந்தச் சட்டம் பதிலுக்கு 21 நாள் கெடு வைக்கிறது. போனில் விற்றிருந்தால் அந்த உரையாடல் பதிவையும் இப்போதே கேட்டுவிடுங்கள். நாள் போனால் பதிவு கிடைக்காமல் போகலாம்.

தாள்கள் வந்ததும் இதைப் பாருங்கள். 'காப்புறுதி வேண்டும்' என்ற கட்டத்தில் டிக் பேனாவில் இருக்கிறதா, அச்சிலேயே வந்திருக்கிறதா? பேனா என்றால் அது உங்கள் கையா, ஆபிசர் கையா? பி.டி.எஸ்.ஸில் என்ன தேதி? கடன் கையெழுத்தான பிறகு வந்த தேதி என்றால் 'விளக்கினோம்' என்ற பேச்சு நிற்காது. எல்லாவற்றையும்விட முக்கியம் ஆஃபர் லெட்டர். அதில் காப்புறுதி கடனுக்கு நிபந்தனை என்று இருக்கிறதா, விருப்பத்துக்கு உட்பட்டது என்று இருக்கிறதா? 'இதை எடுத்தால்தான் லோன் பாஸாகும்' என்று ஆபிசர் வாயால் சொல்லி, தாளில் 'விருப்பம்' என்று இருந்தால் உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் வாடிக்கையாளரைத் தவறாக நம்பவைப்பதையும் நெருக்கி வாங்கவைப்பதையும் தடை செய்கிறது. ஆபிசர் சொன்னதைக் கூட இருந்து கேட்டவர் இருந்தால், அவர் பெசுருஹ்ஜாயா சும்பா, அதாவது சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கட்டும்.

நஷ்டக் கணக்கையும் சரியாகப் போடுங்கள். பலர் 1,600 மட்டும் கேட்டு நிறுத்திவிடுவார்கள். 20,000க்கும் வட்டி கட்டுகிறீர்கள் என்றால், கைக்கே வராத அந்த 1,600க்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 8 விழுக்காடு நிலையான வட்டி, 5 வருடம் என்றால் வட்டி மட்டும் 640. மொத்தம் 2,240 வெள்ளி, மாதத்துக்கு ஏறக்குறைய 37 வெள்ளி.

இவ்வளவையும் கிளைக்குக் கொடுக்காமல் தலைமையகத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பி, 'கெபுத்துசான் முக்தாமட்', அதாவது இறுதி முடிவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மறுபடி மறுத்தாலோ, 60 நாளாகியும் பதில் வராவிட்டாலோ, எஃப்.எம்.ஓ.எஸ். என்கிற நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். பேங்க், காப்புறுதிப் புகார்களைக் கோர்ட்டுக்கு வெளியே தீர்க்கும் அமைப்பு இது. முன்பு ஓ.எஃப்.எஸ். என்று இருந்ததன் வேலையை 2025 ஜனவரி முதல் இதுதான் செய்கிறது. 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கிறது. முதலில் ஒரு கேஸ் மேனேஜர் பேசித் தீர்க்கப் பார்ப்பார். அவர் பரிந்துரையும் உங்களுக்கு எதிராகப் போனால் ஒம்புட்ஸ்மனிடம் கொண்டுபோகலாம். அதற்குக் கெடு குறைவு, வழக்கமாக 30 நாள். ஒம்புட்ஸ்மன் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பேங்க்கும் கட்டுப்பட வேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் கோர்ட் வழி திறந்தே இருக்கும்.

பேங்க் மறுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. கடிதம் தோட்ட ஆபிசுக்கு வந்து கிராணி (குமாஸ்தா) மேசையிலேயே கிடந்திருக்கிறது. இனி வழியே இல்லையா?

இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும் என்பது விதி. முதலில் அது உண்மையில் இறுதி முடிவுக் கடிதம்தானா என்று பாருங்கள். ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்ற வரியே அதில் இல்லாவிட்டால், அது வெறும் பதில்தான், முடிவல்ல என்று வாதிட இடமிருக்கிறது. உறையையும் தபால் முத்திரையையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கடிதம் எப்போது கைக்கு வந்தது என்று தோட்ட ஆபிசில் ஒரு வரி எழுதி வாங்கி, தாமதத்துக்கான காரணத்தோடு மனு போடுங்கள். எடுப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. போடாமல் இருப்பதைவிடப் போடுவது மேல்.

இடையில் பேங்க்குக்கே 'மேல்முறையீடு' எழுதிக்கொண்டிருந்தால் கெடு நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். பலர் தோற்பது இங்கேதான். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பி.என்.எம்.லிங்க் என்ற பொதுமக்கள் சேவைப் பிரிவிலும் (1-300-88-5465) புகார் பதியலாம். பேங்க்கின் நடத்தையை அவர்கள் பார்ப்பார்கள், உங்களுக்கு நஷ்டஈடு போடச் சொல்ல மாட்டார்கள். தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக 6 வருடக் கெடு உண்டு. 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு வழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமலே நீங்கள் போகலாம். ஆனால் கோர்ட் தீர்ப்புச் சொன்ன விவகாரத்தை ஒம்புட்ஸ்மன் எடுக்காது, அதனால் எந்தக் கதவு என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

கணவர் இறந்துவிட்டார். வீட்டுக் கடனுக்கு எம்.ஆர்.டி.ஏ. (கடன்காரர் இறந்தால் கடனை அடைக்கும் காப்புறுதி) இருந்தும், சக்கரை நோயை மறைத்தார் என்று கிளைமை மறுத்துவிட்டார்கள். பாரத்தை நிரப்பியதே பேங்க் ஆபிசர்தான்.

அம்மா, உங்கள் வழக்கு மற்றவர்களுடையதைவிட வலுவாக இருக்கக்கூடும். பாலிசி தொடங்கிய தேதியை முதலில் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தபோதே இரண்டு வருடம் தாண்டியிருந்தால், வேண்டுமென்றே மோசடியாக மறைத்தார் என்று காட்டினால்தான் கம்பெனி பாலிசியை ரத்து செய்ய முடியும். நிதிச் சேவைச் சட்டத்தின் 9ஆவது அட்டவணை அப்படிச் சொல்கிறது. மறந்துபோனது மோசடி ஆகாது.

அடுத்து, பாரத்தில் சக்கரை நோய் பற்றித் தனியாகக் கேள்வி இருக்கிறதா? கேட்காததற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதிலை வெறுமையாக விட்டு, கம்பெனியும் திரும்பக் கேட்காமல் பாலிசி கொடுத்திருந்தால் அந்தத் தகவலைக் கேட்கும் உரிமையை அவர்களே விட்டுக்கொடுத்ததாகக் கருதப்படும். பிறகு கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க சுகாதார கிளினிக்) புத்தகத்தை எடுத்து, சக்கரை என்று முதலில் எழுதிய பக்கத்தின் தேதியைப் பாருங்கள். பாரத்தின் தேதிக்குப் பிறகு என்றால் மறைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்பு என்றால், அவர் ஆபிசரிடம் சொன்னதை நினைவிருக்கும் வரை எழுதி வையுங்கள். கம்பெனியின் அதிகாரம் பெற்ற முகவருக்குத் தெரிந்தது கம்பெனிக்கும் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். இருவரும் சேர்ந்து மறைத்திருந்தால் மட்டும் இது உதவாது.

வழக்கு முடியும்வரை தவணை நிற்காது. பேங்க்கிடம் பேசி அவகாசம் கேளுங்கள். முடியாவிட்டால் ஏ.கே.பி.கே. என்கிற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக ஆலோசனை தரும்.

கொப்பராசியில் (கூட்டுறவுச் சங்கத்தில்) எடுத்த கடன். அதற்கும் ஒம்புட்ஸ்மனா?

கொப்பராசி கூட்டுறவு ஆணையத்தின் கீழ், உரிமம் பெற்ற வட்டிக்கடை வீடமைப்பு அமைச்சின் கீழ். இரண்டையும் ஒம்புட்ஸ்மன் பார்க்காது. ஆனால் சான்றிதழில் போட்டிருக்கும் காப்புறுதி அல்லது தக்காஃபுல் (இஸ்லாமியக் காப்புறுதி) கம்பெனியின் பெயரைப் பாருங்கள். அது பேங்க் நெகாரா உரிமம் பெற்றதென்றால் அந்தக் கம்பெனி மேல் புகார் போகும்.

'கேஸைத் திறந்து தருகிறேன், கிடைப்பதில் 30 விழுக்காடு' என்கிறார் ஒருவர்.

வேண்டாம். மனு போட உங்களுக்குக் காசே செலவில்லை. மைகாட் (அடையாள அட்டை) நகலும் வெள்ளைத்தாள் கையெழுத்தும் கேட்டால் இரண்டையும் கொடுக்காதீர்கள்.

வீட்டுக் கடனை வேறு பேங்க்குக்கு மாற்றினோம். பழைய எம்.ஆர்.டி.ஏ. பணம் போனது போனதுதானா?

இதில் புகாரே தேவைப்படாமல் போகலாம். மொத்தமாகக் கட்டிய எம்.ஆர்.டி.ஏ.வை இடையில் நிறுத்தினால் சரண்டர் தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் தானாக வந்து சேராது. கடன் அடைந்ததற்கான கடிதத்தோடு காப்புறுதிக் கம்பெனிக்கு எழுதுங்கள். வருடம் கூடக் கூட அந்தத் தொகை குறைந்துகொண்டே போகும், அதனால் இந்த வாரமே எழுதிவிடுங்கள்.