சாமி நம்பிக்கை இல்லன்னா பங்கு போயிடுமா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தேவிபட்டினம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அப்பா இறந்து வருஷ திதி குடுக்க நவபாஷாணத்துக்குப் போயிருக்காங்க, அங்க அவங்க தம்பி கடல்ல இறங்க மாட்டேன்னுட்டாரு. ஏன்னு கேட்டா "எனக்கு நம்பிக்கை வரலக்கா, அதுக்காக கடவுளே இல்லன்னும் நான் சொல்லல, எனக்குத் தோணலை அவ்வளவுதான்"னு சொல்லியிருக்காரு. அதுல இருந்து வீட்ல சண்டை. "நாத்திகனுக்கு பூர்வீகத்துல பங்கு இல்லன்னு பெரியப்பா சொல்றாக. தாலுகா ஆபீஸ் வாசல்ல இருக்குற ஒருத்தரு, கடவுள் மறுப்பாளர்னு அபிடவிட் போட்டுட்டா சட்டப்படி சரியாயிடும், பதினஞ்சாயிரம் ஆகும்ங்கறாரு. இன்னும் சிலர் இவனை ஏர்வாடி கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாக. நம்பிக்கை இல்லாததும் மறுக்குறதும் ஒண்ணா வேறயா, தம்பி எதுல கையெழுத்து போடணும்?" இதுதான் அவங்க கேள்வி. அந்த ஆள் எழுதிக் குடுத்த பேப்பரை போட்டோ எடுத்தும் அனுப்பியிருக்காங்க, அது ரொம்ப நல்லதாப் போச்சு.

முதல்ல பதில். எதுலயும் கையெழுத்து போட வேண்டாம். பங்கு எங்கயும் போகாது. ரெண்டும் வேற வேற நிலைமை, ஆனா சொத்து விஷயத்துல சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

வித்தியாசம் என்னன்னா, உங்க ஊர்க்காரர் ஒருத்தர் "பத்து பாகம் ஆழத்துல சீலா மீன் கூட்டமா நிக்குது"ன்னு வந்து சொல்றாருன்னு வைங்க. கேட்டவங்கள்ல ஒருத்தர் நம்பி டீசல் போட்டுக் கிளம்பிடுவாரு. இன்னொருத்தர் "எனக்கு நம்பிக்கை வரலப்பா, நான் வரல"ன்னு வலையைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துடுவாரு. மூணாவது ஆள் "அங்க மீனே கிடையாது, நீ சொல்றது பொய்"ங்கறாரு. ரெண்டாவது ஆளும் மூணாவது ஆளும் கரையிலதான் நிக்குறாங்க, பார்க்க ஒண்ணு மாதிரிதான் தெரியும், ஆனா மூணாவது ஆள் தானும் ஒரு விஷயத்தை அடிச்சுச் சொல்லிட்டாரு, எப்படித் தெரியும்னு கேட்டா அவரு பதில் சொல்லணும். ரெண்டாவது ஆள் எதையும் சொல்லல, அவர்கிட்ட ஆதாரம் கேக்கவே முடியாது. உங்க தம்பி அந்த ரெண்டாவது ஆள்.

கோர்ட்ல இது எங்களுக்கு தினப்படி பழக்கம். 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்துல மூணாவது பிரிவுலயே மூணு நிலை சொல்லியிருக்கு: ஒரு விஷயம் நிரூபணம் ஆனது, பொய்னு நிரூபணம் ஆனது, நிரூபணம் ஆகாதது. 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டம் வந்துடுச்சு, அதுலயும் இந்த மூணை அப்படியே வச்சிருக்காங்க. நிரூபணம் ஆகலன்னு ஒரு ஜட்ஜ் சொன்னா அந்த சம்பவம் நடக்கவே இல்லன்னு அவரு சொன்னதா அர்த்தம் இல்ல. ரெண்டு பக்கமும் முடிவுக்கு வர முடியலன்னுதான் அர்த்தம். வக்கீலுங்களே இதைக் குழப்பிக்கிறாங்க, வீட்டுப் பெரியவங்க குழப்பிக்கிறதுல ஆச்சரியம் இல்ல.

"கடவுள் இல்லை, இல்லை, இல்லவே இல்லை"ன்னு பெரியார் சொன்னாருல்ல, அது மறுப்பு. அவரு அதை வெளிப்படையா மேடையில சொன்னாரு, வாதம் பண்ணாரு, கேள்வி கேட்டவங்களுக்கு பதிலும் சொன்னாரு, அதுக்கு ஒரு தைரியம் வேணும். உங்க தம்பி சொல்றது அது இல்ல. இன்னொரு வகையும் உண்டு, இருக்கா இல்லையான்னு மனுசனால தெரிஞ்சுக்கவே முடியாதுன்னு சொல்றவங்க, இங்கிலாந்துல தாமஸ் ஹக்ஸ்லின்னு ஒரு விஞ்ஞானி 1869ல அதுக்குன்னு தனியா ஒரு பேர் வச்சாரு. அது தெரியுமா தெரியாதாங்கற கேள்வி, நம்புறமா இல்லையாங்கறது வேற கேள்வி. உங்க வீட்டுப் பிரச்சனைக்கு அது தேவையில்ல, விட்டுடலாம்.

இப்ப பெரியப்பா சொன்னது. "கொள்ளி வச்சவனுக்குத்தான் சொத்து, திதி குடுக்குறவனுக்குத்தான் பங்கு"ன்னு நம்ம பக்கம் இன்னமும் நம்புறாங்க. அப்பா உயில் எழுதாம இறந்திருந்தா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அப்பாவோட அம்மா உயிரோட இருந்தா அவங்க, எல்லாருக்கும் சம பங்கு. கொள்ளி வச்சாரா, கடல்ல இறங்கினாரா, விபூதி பூசுறாரான்னு அந்தச் சட்டத்துல ஒரு வரி கூட கிடையாது. உங்களுக்கும் பங்கு உண்டும்மா, கேள்வியில உங்க பங்கைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதல, அதனால சொல்றேன்.

"நாத்திகன் இந்து இல்லையே, அப்ப இந்து சட்டம் எப்படிப் பொருந்தும்"னு அடுத்து கேப்பாங்க. அந்தச் சட்டத்தோட ரெண்டாவது பிரிவுப்படி முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் இல்லாத எல்லாருக்குமே அது பொருந்தும். தம்பி கும்பிட்டாலும் கும்பிடாட்டியும், இல்லன்னாலும், இல்லவே இல்லன்னு மைக் புடிச்சுக் கத்தினாலும் அவர் அதுக்குள்ளதான். தீவிரமான மறுப்பாளர்கள் பல பேருக்கு இது வருத்தம், எங்களை ஏன் இந்துன்னு கணக்குல வைக்கிறீங்கன்னு கேக்குறாங்க, அந்த வருத்தம் நியாயமானதுதான், ஆனா இன்னைக்கு சட்டம் அப்படித்தான் இருக்கு.

மதம் குறுக்க வர்ற இடம் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும், ஏன்னா நம்ம கடற்கரையில ஒரே குடும்பத்துல ஒரு கிளை கோயிலுக்கும் ஒரு கிளை சர்ச்சுக்கும் போறது சகஜம். நம்பிக்கை இல்லாம போறது வேற, இன்னொரு மதத்துக்கு மாறுறது வேற. மாறினவருக்கே கூட அப்பா சொத்துல பங்கு போகாது. ஆனா மாறினதுக்கு அப்புறம் அவருக்குப் பொறக்குற பிள்ளைங்க, அந்தச் சட்டத்தோட 26ஆவது பிரிவுப்படி, தாத்தா மாதிரி இந்து உறவுக்காரங்க சொத்துல வாரிசா வர முடியாது, அந்த உறவுக்காரர் இறக்குற நேரத்துல அந்தப் பிள்ளைங்க இந்துவா இருந்தா மட்டும் வரலாம். கவனிங்க, மாறுறதுக்கு முன்னாடி பொறந்த பிள்ளைக்கு இந்தத் தடை கிடையாது. மாறினவர் மூலமா வர்ற பங்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அவர் கைக்கு வந்த சொத்து அவர் பிள்ளைகளுக்கு அவங்க மதத்துச் சட்டப்படி போகும். தாத்தா சாகும்போது அவர் மகன், அதாவது மாறினவர், முன்னாடியே இறந்துபோயிருந்தாத்தான் இந்தச் சிக்கல் வரும். இதை யாரோ எங்கயோ அரைகுறையாக் கேட்டுட்டு "மதத்தை விட்டா பங்கு போச்சு"ன்னு ஊர் முழுக்கப் பரப்பி வச்சிருக்காங்க, உங்க பெரியப்பா காதுக்கு வந்தது அதுவாத்தான் இருக்கும். உங்க தம்பி எங்கயும் மாறல. நம்பிக்கை வரலன்னு சொன்னது மதமாற்றம் ஆகாது.

இப்ப அந்தப் பேப்பர். இதைப் படிச்சு எனக்கு கோவம்தான் வந்துச்சு. இருபது ரூபா பத்திரத்துல மொதல் மூணு பாராவும் கடவுள் மறுப்பு, பகுத்தறிவு, அரசியல் சட்டம்னு நல்லா அழகா எழுதியிருக்கு. நாலாவது பாராவைப் பாருங்க: "எனது மேற்படி கொள்கையின் காரணமாக எனது குடும்பத்தின் பூர்வீகச் சொத்துக்களில் எனக்கோ எனது வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியமும் இல்லை என்றும்." கடவுள் கொள்கைக்கும் பூர்வீகச் சொத்துக்கும் என்ன சம்பந்தம்? கடவுள் பேரைச் சொல்லி விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்குற பத்திரம், எழுதி வாங்கப் பாக்குறாங்க. பதினஞ்சாயிரத்தை உங்ககிட்டயே வாங்கிட்டு உங்க வீட்டுப் பங்கையே எழுதி வாங்குறாங்க. யார் சொல்லி அந்த பாரா உள்ள வந்துச்சுன்னு நீங்கதான் விசாரிக்கணும், எனக்குத் தெரியாது.

நிலம், வீட்டுல இருக்குற பங்கை விட்டுக்கொடுக்குறதுன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணாத்தான் செல்லும், நோட்டரி சீல் மட்டும் போதாது. அதனால கையெழுத்து போட்டிருந்தாக்கூட பங்கு உடனே போயிடாது. ஆனா அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு பட்டா மாத்த ஆட்சேபணை போடுவாங்க, கேஸ் போடுவாங்க, முன்சிப் கோர்ட்ல வருஷக்கணக்கா இழுக்கும். தேதி வாங்கித் தேதி வாங்கியே ஆளுங்க வயசாகிப் போறாங்க, பாத்துக்கிட்டுதான் இருக்கோம். இந்த வாசல் புரோக்கர்களை அகற்ற எந்த ஆபீசரும் ஒரு நாள் வெளிய வந்து பாத்தா போதும், வரமாட்டேங்கறாங்க. நம்ம பக்கம் படிச்ச பிள்ளைங்களே இங்க்லீஷ்ல தலைப்பு போட்டு சீல் குத்திட்டா அப்படியே நம்பிடுறாங்க, நாலாவது பாராவை யாரும் படிக்கிறதில்ல.

நான் நம்பாதவன்னோ மறுக்குறவன்னோ அரசாங்கத்துகிட்ட சர்டிபிகேட் வாங்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. அரசியல் சட்டம் 25ஆவது பிரிவுல மனச்சாட்சிச் சுதந்திரம்னு இருக்கு, நம்புறவங்க, நம்பாதவங்க, மறுக்குறவங்க எல்லாருக்கும் அது ஒண்ணுதான். 2019ல திருப்பத்தூர் வக்கீல் சினேகா "சாதி இல்லை, மதம் இல்லை"ன்னு சான்றிதழ் வாங்கினாங்களே, அது மாதிரி வாங்கலாமேன்னு கேப்பீங்க. அவங்க வருஷக்கணக்கா அலைஞ்சு, கொள்கைக்காக வாங்கினாங்க, மரியாதைக்குரிய விஷயம். ஆனா அதை வாங்கினா சாதி அடிப்படையில வர்ற சலுகை கேக்க முடியாது. அதுவும் இல்லாம அந்தச் சான்றிதழ் சாதி மதத்தைப் பத்தினது, கடவுள் இருக்காங்கறதைப் பத்தினது இல்ல. புரோக்கர் இது ரெண்டையும் ஒண்ணாக் குழப்பித்தான் காசு கேக்குறாரு.

அரசாங்கமே இந்த வித்தியாசத்தைப் பாக்குறதில்ல, அதைச் சொல்லணும். 2011 சென்சஸ்ல மதம் குறிப்பிடாதவங்க சுமார் 28.7 லட்சம் பேர். அதுல மறுக்குறவர் யாரு, நம்பிக்கை வராதவர் யாரு, சும்மா பதில் சொல்லாம விட்டவர் யாருன்னு அந்த ஒரு எண்ணை வச்சு யாரும் சொல்ல முடியாது. கோர்ட்லயும் இதே கதைதான். சாட்சிக் கூண்டுல ஏறினா பெஞ்ச் கிளார்க் மூச்சு விடாம "கடவுள் அறிய"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. 1969ஆம் வருஷ சத்தியப்பிரமாணச் சட்டத்துல கடவுள் பேரால சொல்றதும் உளமார உறுதி கூறுறதும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, எது வேணும்னாலும் சாட்சி தேர்ந்தெடுக்கலாம், ஆனா எது வேணும்னு யாரும் கேக்குறதே இல்ல. தம்பி என்னைக்காவது சாட்சி சொல்லப் போனா "நான் உளமார உறுதி கூறுறேன்"னு மெதுவா சொன்னாப் போதும், நாத்திகரான்னு கேக்க யாருக்கும் உரிமை இல்ல.

தம்பிக்கு கல்யாணம் பேசுறப்ப இது வரும்னு பயப்படாதீங்க. 1967ல அண்ணா முதல்வரா இருந்தப்ப இந்து திருமணச் சட்டத்துல கொண்டு வந்த 7ஏ பிரிவுப்படி சொந்தக்காரங்க முன்னாடி மாலை மாத்திக்கிட்டாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ செல்லும், அய்யர் வேண்டாம். அதுக்கு கடவுளை மறுக்கணும்னும் இல்ல, சாமி கும்புடுறவங்களும் அப்படிப் பண்ணிக்கலாம்.

கடைசியா ஏர்வாடி. தர்காவைப் பத்தி நான் எதுவும் சொல்லல, ஆறுதல் தேடி எல்லா மதத்துக்காரங்களும் அங்க போறாங்க. ஆனா நம்பிக்கை வரலன்னு சொன்ன ஒரு பையனை "புத்தி பேதலிச்சிடுச்சு"ன்னு சொல்லி கூட்டிட்டுப் போறதும், "நான் பாத்துக்கிறேன், விட்டுட்டுப் போங்க"ன்னு காசு கேக்குற ஆளுங்ககிட்ட ஒப்படைக்கிறதும் குற்றத்துல போய் முடியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்க ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல. நம்ம மாவட்டத்துல நடந்தது. அப்புறம் வந்த 2017 மனநலச் சட்டத்துல ரெண்டு விஷயம் தெளிவா இருக்கு, யாரையும் சங்கிலியில கட்டக் கூடாது, அப்புறம் ஊர்ல இருக்குற மத நம்பிக்கைக்கு ஒத்துப் போகலங்கறதை வச்சு ஒருத்தருக்கு மனநோய்னு முடிவு பண்ணக் கூடாது, மூணாவது பிரிவுலயே போட்டிருக்கு. பெரியப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க. தம்பி தூங்காம, சாப்பிடாம, தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்தா அது வேற, அப்ப ராமநாதபுரம் ஜிஹெச்ல மனநல டாக்டர்கிட்ட போங்க. நம்பிக்கை வரலங்கறதுக்கு மருந்து தேவையில்ல.

திதியைப் பத்தி நீங்களும் அம்மாவும் விருப்பப்பட்டா குடுங்க, தம்பியைக் கட்டாயப்படுத்தி இறக்கினா அவருக்கும் நல்லதில்ல, அப்பாவுக்கும் மரியாதை இல்ல. "மகன் இறங்கலன்னா தோஷம், அதுக்குத் தனி பரிகாரம்"னு கரையில யாராவது ரேட் சொன்னா நின்னு கேக்காதீங்க.

நீங்க இப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. இ-சேவை மையத்துல வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுங்க, அம்மா பேரு, உங்க பேரு, தம்பி பேரு மூணும் இருக்கணும், அப்பத்தா உயிரோட இருந்தா அவங்க பேரும். இறப்புச் சான்றிதழ் ஒரிஜினலை யார் கையிலயும் குடுக்காதீங்க, அந்த வாசல் ஆளு கையில இருந்தா நாளைக்கே போய் திருப்பி வாங்கிடுங்க. விஏஓ, ஆர்ஐ வீட்டுக்கு வந்து விசாரிக்கும்போது பெரியப்பா ஆட்சேபணை சொன்னா எழுத்துல குடுக்கச் சொல்லுங்க, அந்த நகலோட என்னைப் பாருங்க.