கேளுங்க, ஊதுறேன்

கே: ஐயா, என் மகன் கோவையில் கல்லூரியில் படிக்கிறான். பேண்டில் மற்ற பசங்க ட்ரம்பெட், கிளாரினெட் என்று எடுத்துக்கொள்ள, இவன் டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தைத் தூக்கிக்கொண்டான். ஜாஸ் வாசிப்பானாம், சொந்தமாக இசையும் எழுதுவானாம். "அண்டாவைக் கட்டிக்கிட்டு எப்படிடா பொழைப்பே?" என்கிறார் அவன் அப்பா. இதை வைத்து யாராவது பிழைத்திருக்கிறார்களா?
– ஒரு தாய், பெருந்துறை

ப: எங்க அப்பாவும் அதையேதான் கேட்டாருங்க அம்மிணி. ஈரோட்டுப் பேண்டு செட்டில் இருபத்திரண்டு வருஷம் அந்த அண்டாவைத்தான் ஊதினேன். மாப்பிள்ளை அழைப்பென்றால் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை பத்துக் கிலோ என் மேல்தான். ட்ரம்பெட்காரர் சட்டையில் ரூபாய் நோட்டுக் குத்துவார்கள். கடைசி வரிசைக்காரனை யார் பார்த்தார்கள்? மூச்சு வாங்க நான் நிறுத்தினால் மட்டும், "என்னமோ கொறையுதே" என்பார்கள்.

பிழைத்தவர் ஒருவரைச் சொல்கிறேன்: ஹோவர்ட் ஜான்சன். 1941-ல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்து ஒஹாயோவில் வளர்ந்தவர். தாழ்ந்த சுரத்தில் ஒலிக்கும் பாரிடோன் சாக்ஸபோனையும் டியூபாவையும் பள்ளிக்கூட வயதில் தானாகவே கற்றுக்கொண்டார். 1963-ல் நியூயார்க் போனார்.

அப்போது ஜாஸில் டியூபாவுக்குப் பெரிய மதிப்பில்லை. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஊர்வலமாக வாசித்த காலத்தில் அடிச்சுரம் இதன் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு நிற்குமே டபுள் பேஸ் என்கிற தந்தி வாத்தியம், அதைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக முடியுமா? வாசிப்பு ஆட்ட அரங்குக்குள் போய், ஒலிப்பதிவுக்கு மைக்கும் வந்ததும் டபுள் பேஸ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மூச்சு வாங்காதே!

அப்படி ஓரங்கட்டின வாத்தியத்தோடு போனவரை ஜாஸ் குழுத் தலைவர் சார்லஸ் மிங்கஸ் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார், அப்புறம் இன்னொரு குழுத் தலைவரான கில் எவன்ஸ். 'பூம் பூம்' போடுவதோடு நிற்காமல், உச்சத்தில் ஏறித் தனி ஆவர்த்தனம் பண்ணினார் ஜான்சன். 1971-ல் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரோடு (சிரிக்காதீங்க, மேடைப் பெயரே அதுதான்) நான்கு டியூபா மேடையேறியது இவர் வேலை. நாலு அண்டா ஒன்றாக! அந்தப் பதிவைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சாட்டர்டே நைட் லைவ் டிவி நிகழ்ச்சியின் பேண்டிலும் 1975 முதல் சில வருஷம் இருந்தார்.

வீட்டுக்காரரிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்க. டியூபாக்காரர்களை மட்டும் வைத்து இவர் குழு சேர்த்தது 1960களின் கடைசியில். கிராவிட்டி என்று பெயர் மாறின அந்தக் குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1996-ல். ஐம்பது தாண்டிவிட்டது மனுஷனுக்கு! அதுவரை அடுத்தவர் குழுக்களில் டியூபாவோடு பாரிடோன் சாக்ஸபோனும் வாசித்தார், பிறர் பாட்டுகளுக்கு வாத்தியப் பகுதிகள் எழுதிக் கொடுத்தார். 2021-ல், 79 வயதில் காலமானார்.

அதனால் பையன் டியூபாவை விடவேண்டாம், கூடவே இன்னொரு வாத்தியமும் பழகட்டும். நொட்டேஷன் (சுரக்குறிப்பு) எழுதுவதில் மட்டும் சோம்பல் கூடாது. டியூபாவுக்கென்று நல்ல மெட்டை யாரும் எழுதி வைத்துக் காத்திருக்கமாட்டார்கள்.

கே: வீட்டுக்குள் ஊதிப் பழகினால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்ய?
– ஒரு வாசகர், கோபி

ப: நான் பழகினது கீழ்பவானி வாய்க்கால் மேட்டில். மேய்கிற எருமைகள் ஒன்றும் சொல்லவில்லை. தோப்புக்காரர்தான் ஒருநாள் ஓடிவந்து, "வாய்க்காலுக்குள்ள லாரி எறங்கிருச்சாட்ட இருக்குதுன்னு பார்த்தனுங்க" என்றார். மறுநாளிலிருந்து இளநீர் வெட்டி வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்து கேட்டார்.